மூன்றாவது பரீட்சை

"நீயே சொல்லு ராணி, மூணாவதையும் எழுதவா, வேணாமா?"

யசோதினி தொலைபேசியில் இப்படிக் கேட்டு இரண்டு ஞாயிறு ஓடிவிட்டது. அன்றிலிருந்து ஜீவராணிக்கு அதே யோசனைதான். பத்தாம் வகுப்போடு நின்ற தங்கச்சியிடம் டாக்டரான அக்கா பரீட்சையைப் பற்றி யோசனை கேட்பதா? ஆனால் ஏன் கேட்டாள் என்பது ஜீவராணிக்குத் தெரியும்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் பயிற்சி டாக்டராகச் சேர விண்ணப்பிக்க இரண்டு பரீட்சை போதும். இரண்டையும் அக்கா பாஸ் பண்ணிவிட்டாள். இரண்டாவதில்தான் புள்ளி கொஞ்சம் சுமார். மூன்றாவதை வேலையில் சேர்ந்த பிறகும் எழுதலாம், ஆனால் முன்கூட்டியே முடித்தவர்கள் மேல் அந்த ஆஸ்பத்திரிகளுக்கு நம்பிக்கை அதிகமாம். அதை அமெரிக்காவுக்கே போய்த்தான் எழுத வேண்டும். விசா, திகதி, முடிவு எல்லாம் வந்து சேர்வதற்குள் இந்த வருட விண்ணப்பக் காலம் முடிந்துவிடும்.

அந்த ஒரு வருடத்தையும் கொழுந்து பறித்து மலையில் கழிக்க வேண்டியவள் ஜீவராணி.

நமுனுகுலப் பக்கத்தில் அவர்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்ற வேலையாள் பதிவில் இருந்தால்தான், தோட்டம் கொடுத்த லயத்து வீடு நிலைக்கும். அக்கா மருத்துவ பீடத்துக்குப் போன வருடம் அம்மா செத்துப்போனாள். அப்பா அழகருக்கு அதற்கு முன்பே இடுப்பு விழுந்துவிட்டது. அம்மாவின் பெயரை வெட்டிய கையோடு ஜீவராணியின் பெயரை எழுதினார்கள். எட்டு வருடமாக விடிந்தால் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களம், அப்புறம் கொழுந்து பறிக்க மலை. அக்காவின் இப்போதைய சம்பளம் பரீட்சைச் செலவுக்கே சரியாகப் போனது. "நான் அமெரிக்கா போயிப் பணம் அனுப்புனதும் ஹாலிஎல டவுன்ல ஒரு வீடு எடுப்போம், நீ விட்ட பரீட்சைய எழுது" என்று அக்கா சொல்லியிருந்தாள். அந்தப் பரீட்சையின் விண்ணப்பப் படிவம் ஜீவராணியின் பழைய கொப்பிக்குள் மடிந்து கிடந்தது.

போதாததற்கு அப்பா வேறு, கோயில் திருவிழாவில் எல்லார் முன்னாலும் பக்கத்து வீட்டு அங்கம்மாவோடு வெற்றிலை மாற்றி, "அடுத்த ஆடிக்குள்ள கௌம்பிருவோம், இந்த வீட்ட ஒம் மகனுக்குத் தோட்டத்துல கேட்டு வாங்கிக்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்கு அக்கா பதுளையிலிருந்து மத்தியான பஸ்ஸில் வந்தாள். படியேறும்போதே அங்கம்மா பிடித்துக்கொண்டாள்.

"என்னா டாக்டரம்மா, பிளேன் எப்ப? அடுப்ப எந்த மூலையில வைக்கிறதுன்னு எம் மருமவ இப்பவே சண்ட புடிக்கிறா!"

அக்கா சிரித்த மாதிரி ஏதோ செய்துவிட்டு உள்ளே வந்தாள்.

"நாளைக்குள்ள முடிவு பண்ணணும் ராணி, விண்ணப்பம் முடியப் போவுது. எங்க வார்டு கீர்த்திகன் டாக்டர் என்ன சொல்றாரு தெரியுமா? 'மூண்டையும் முடிச்சுப்போட்டு அனுப்பும், இல்லாட்டி ஒருத்தரும் திரும்பியும் பாக்க மாட்டினம்'ங்கிறாரு."

ஜீவராணி தேத்தண்ணியை நீட்டினாள். அக்கா வாங்கிக் கீழே வைத்தாள்.

"ரெண்டோட அனுப்பி ஒருத்தரும் கூப்புடலேன்னா? மறு வருசம், ஒரு தடவ கழிச்ச ஆளுன்னு ஒதுக்கிருவாங்க. எனக்குத் தூக்கமே வர்றதில்ல." நகத்தைக் கடித்தாள். "நீ என்ன சொல்ற?"

'ஒன் இஷ்டம்க்கா' என்றுதான் எட்டு வருடமாக ஜீவராணி சொல்லிவந்தாள். அக்காவின் கண்ணைப் பார்த்தாள். அதைக் கேட்டுப் போகத்தான் அக்கா பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"எழுதாத."

"என்ன?"

"இப்ப எழுதாதக்கா. ரெண்டோடயே அனுப்பு." "கீர்த்திகன் டாக்டருக்கு ஊர்ல சொந்த வீடு இருக்கும். அவரு பத்துப் பரீட்சகூட எழுதலாம். என்னால இன்னொரு வருசம் பெரட்டுக்குப் போக முடியாதுக்கா."

கட்டிலில் படுத்திருந்த அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியில் ஆடை படிந்தது. இல்லக்கா, சும்மா சொன்னேன் என்று சொல்லிவிடலாம் என்று ஜீவராணிக்கு இருந்தது. சொல்லாமல், ஆறிய தேத்தண்ணியை எடுத்து அடுப்புப் பக்கம் வைத்தாள்.

அக்கா எழுந்து, பையை எடுத்துத் தோளில் மாட்டி, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டாள்.

"என்னா டாக்டரம்மா, நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கே?" என்றாள் அங்கம்மா.

எழுதுவேன் என்றோ எழுதமாட்டேன் என்றோ சொல்லாமலே யசோதினி படியிறங்கி ரோட்டுப் பக்கம் போய்விட்டாள்.