முதல் காய்

சுரைக்காயைத் தோல் சீவி நறுக்கும்போது ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்வது பானுப்ரியாவின் சின்ன வயதுப் பழக்கம். பச்சையாகக் கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும். காய்க்குள் ஒளிந்துகொள்ளத் தெரிந்த தண்ணீர் என்று நினைத்துக்கொள்வாள். அன்று காலை கடித்த துண்டில் தண்ணீர் இல்லை. கசப்பு இருந்தது. பாகற்காயின் கசப்பு வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடும். இது நாக்கின் அடியில் இறங்கித் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

துப்பினாள். இரண்டு முறை வாய் கொப்பளித்தும் போகவில்லை.

அப்போதுதான், ஒரு வருடத்துக்கு முன் மாடித்தோட்டக் கூட்டத்தில் தோட்டக்கலை அதிகாரி ஒருவர் போகிற போக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. "சுரைக்காய் கசந்தா துப்பிருங்க. சமைச்சாலும் அந்த நஞ்சு போகாது. ஜூஸ் போட்டுக் குடிச்சவங்க செத்திருக்காங்க." அன்று பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பானுவும் சிரித்திருந்தாள்.

அவள் கையில் இருந்தது மாடியில் காய்த்த இரண்டாவது காய். முதல் காய் நேற்றுச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

பானுவின் பிறந்த வீட்டில் எந்தக் கொடியிலும் முதல் காயை வீட்டில் சமைக்க மாட்டார்கள். வாசல் தாண்டிப் போனால்தான் கொடி நன்றாகக் காய்க்கும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல் அப்படியே கொடுத்துவிட வேண்டும். பானு அப்படியே கொடுத்திருந்தாள். வாங்கிக்கொண்டவர் பொன்னுத்துரை. இருபத்திரண்டு வருடம் சிறுமலைப் பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சர்க்கரை வியாதிக்காரர். தினமும் ஆறரை மணிக்கு, நடந்து முடித்த கையோடு, வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பவர்.

சுவர்க்கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.

நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி பேச்சியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியம்மா, நேத்து குடுத்த காய் எங்க?"

"ஏன்டி, திருப்பிக் கேக்க வந்தியா?"

"வெளையாடாதீக. எங்க இருக்கு?"

"அவரு கொண்டுபோயிட்டாரு. வடமதுரைல முனீஸ்வரி வீட்டுக்கு ராத்திரியே போயிட்டாருல்ல. அங்கயும் காலைல அது இல்லாம முடியாதாம், பைக்குள்ள வச்சுக்கிட்டாரு. ஏன், என்ன?"

"அது விசம் பெரியம்மா. கசக்குது."

பேச்சியம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "கசந்தா அந்த மனுசன் விடுவாரா? ரெட்டிப்பாக் குடிப்பாரே!"

 வேறு யாராக இருந்தாலும் முதல் வாயிலேயே துப்பியிருப்பார்கள். பொன்னுத்துரை துப்ப மாட்டார். வேப்பங்கொழுந்து, பாகற்காய், வெந்தயம், எதைக் குடித்தாலும் முகத்தைச் சுளிக்காமல் தெருவைப் பார்த்து நின்று குடிப்பவர். எவ்வளவு கசக்கிறதோ அவ்வளவு சர்க்கரை இறங்கும் என்று நம்புகிறவர்.

அவர் எண்ணுக்கு அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நடக்கப் போகும்போது போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போவார் என்றாள் பேச்சியம்மாள். மகள் முனீஸ்வரியும் எடுக்கவில்லை. அவளும் அவள் புருஷனும் விடிவதற்கு முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். மொட்டு விரிவதற்குள் பறித்துத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். பறிக்கிற கைக்குப் போன் எதற்கு?

"அக்கம்பக்கத்துல யாரு நம்பராவது இருக்கா?"

"தோட்டத்து வீடுடி. அக்கம்பக்கம்னு பாத்தா ரெண்டு தென்னமரந்தான்."

அவள் கணவன் பிரபு வண்டியை எடுத்தபோது ஆறு மணி. தோல் சீவாத மீதி அரைக்காயை ஒரு பாலித்தீன் பையில் போட்டு, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள் பானு. திருச்சி சாலையில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. வலப்பக்கம் சிறுமலை, யாரோ உடுத்திக் களைந்து போட்ட நீலச் சேலை போலக் கிடந்தது. தக்காளிக் கூடை ஏற்றிய வேன்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. ஒரு கையால் பிரபுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் திரும்பத் திரும்ப அழைத்தாள்.

"எடுக்குறாரா?"

"இல்ல. நீங்க போங்க."

"போய்க்கிட்டுத்தான இருக்கேன்! பறக்கவா முடியும்?"

ஆறு இருபத்தெட்டுக்குப் போன் எடுக்கப்பட்டது.

"யாரு, பானுவா? என்ன தாயி, காலங்காத்தால?"

"பெரியப்பா, அந்தக் காயத் தொடாதீக! சாறு குடிக்காதீக!"

"என்னது? காத்து அடிக்குது, கேக்கல."

"சுரைக்காய்! குடிக்காதீக!"

"குடிச்சாச்சே!" அவர் குரலில் பெருமை வழிந்தது. "இன்னைக்கு நடக்கப் போகல தாயி, கால் வலி. அதான் ஆறு மணிக்கே போட்டுட்டேன். போனு உள்ள கட்டில்ல கெடந்துச்சு. யாத்தே, என்னா கசப்பு! வேப்பங்கொழுந்தெல்லாம் இதுக்கிட்ட வந்து கையக் கட்டி நிக்கணும். முழு டம்ளரு, மூச்சு விடாம. இன்னொரு டம்ளரு மருமகனுக்கு வச்சிருக்கேன்."

பானு கத்தினாள்.  "அதக் கீழ ஊத்துங்க பெரியப்பா. யாருக்கும் குடுக்காதீக. அது விசம். நாங்க வந்துக்கிட்டே இருக்கோம்."

"விசமா? சுரைக்காயா?" சிரிப்புச் சத்தம். தொடர்பு அறுந்தது.

பிரபு ஒரு பெட்டிக்கடை ஓரம் நிறுத்தி 108-ஐ அழைத்தான். வழி சொன்னான், தென்னைமரங்களையும் சேர்த்து. மறுபடி வண்டி கிளம்பியதும் பானு எண்ண ஆரம்பித்தாள். ஆறு மணிக்குக் குடித்திருக்கிறார். இப்போது ஆறு முப்பத்தைந்து. குடலுக்குள் இறங்க எத்தனை நிமிடம்? அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எண்ணினாள்.

தோட்டத்து வீட்டு வாசலில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் பொன்னுத்துரை. சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் வேர்வை, அந்தக் குளிர்காற்றிலும்.

"நல்லாத்தான் இருக்கேன்," என்றார் கேட்காமலே. "லேசா வயித்தப் பிசையுது. வாயுவா இருக்கும்."

சொல்லி முடிக்கும் முன் கட்டிலின் ஓரத்தில் குனிந்து வாந்தி எடுத்தார். பச்சைத் தண்ணீர். கடைசியில் நூல் போல ஒரு சிவப்பு. பிரபு அதைப் பார்த்துவிட்டுப் பானுவைப் பார்த்தான்.

ஆம்புலன்ஸ் மண்பாதையில் குலுங்கி வந்து நின்றது. பொன்னுத்துரை கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அதுல நான் ஏற மாட்டேன். சம்பந்தி ஊருல சத்தம் போட்டுக்கிட்டுப் போறதா? சுரைக்காய் குடிச்சு ஆசுபத்திரிக்குப் போனவன்னு ஒரு பேரா எனக்கு? வாந்தி எடுத்தாச்சு, சரியாப் போச்சு. செத்த நேரம் படுத்தா எந்திரிச்சிருவேன்."

"பெரியப்பா, ஏறுங்க."

"நீ பயந்த புள்ள. சுரைக்காய் தின்னு செத்தவன் ஒருத்தனக் காட்டு."

 ஆம்புலன்ஸில் வந்தவன் தூக்குப்படுக்கையோடு நின்றான். பானு அவர் முன்னால் மண்ணில் குந்தி உட்கார்ந்தாள்.

"பெரியப்பா, மலையில எறங்கும்போது பிரேக்கு லேசா எளகுது. என்ன செய்வீக? அடுத்த வளைவுல புடிக்கும்னு போவீகளா, அங்கயே ஓரங்கட்டுவீகளா?"

அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் தன் பாதங்களை, பிரேக்கை மிதித்து மிதித்து அகன்றுபோன அந்த வலது பாதத்தை.

"ஓரங்கட்டுவேன்," என்றார். எழுந்தார். இரண்டாவது அடியில் முழங்கால் மடங்கியது. பிரபு தாங்கிக்கொண்டான்.

தோட்டத்திலிருந்து முனீஸ்வரி ஓடி வந்தாள், மடியில் கட்டிய மொட்டுகள் வழியெல்லாம் சிந்த. "என்னாச்சுப்பா?" என்ற கேள்விக்குக் கதவு மூடிக்கொண்டது.

*

திண்டுக்கல் மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "நேத்து ராத்திரி வெளியில சாப்பிட்டாரா?"

"இல்ல டாக்டர். காலைல சுரைக்காய் ஜூஸ், ஒரு டம்ளர். கசக்குற காய். இந்தாங்க, அதே கொடில காச்சது." பானு பையை நீட்டினாள்.

டாக்டரின் கை நின்றது. காயை வாங்கிப் பார்த்தார்; பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை. இளம்பச்சை, பளபளப்பு, நகம் வைத்தால் இறங்கும் பிஞ்சு. "இதச் சொன்னது நல்லதாப் போச்சு. சொல்லலைன்னா சாதாரண வாந்திபேதின்னு நெனச்சிருப்போம். இதுக்கு மாத்து மருந்து கெடையாதும்மா. சலைன் ஏத்தணும், பிரஷர் விழாமப் பாக்கணும், உள்ள ரத்தம் கசியுதான்னு பாக்கணும். இன்னைக்குப் பகல் தாண்டணும்."

இரத்த அழுத்தம் எழுபது என்றார்கள். ஒரு மணி நேரம் கழித்தும் எழுபதுதான்.

பேச்சியம்மாள் வந்து பெஞ்சில் பானுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "போன வருசமும் நீ குடிவந்தப்பக் கொண்டாந்த காயத்தான குடிச்சாரு. தேனா இருந்துச்சு. இந்த வருசம் அதுல என்னத்தடி ஊத்துன?"

பானு தண்ணீரும் மண்புழு உரமும்தான் ஊற்றியிருந்தாள். ஆனால் கேள்வி அவளைவிட்டுப் போகவில்லை. போன வருடம் இங்கே குடிவருவதற்கு முன் அவர்கள் இருந்தது ஊர் விளிம்பில், குளக்கரைக்குப் பக்கத்து வாடகை வீடு. கொடி வேலியில் படர்ந்திருந்தது. அதே வேலியின் மறுகோடியில், யாரும் நடாத பேய்ச்சுரை ஒன்று முள்ளோடு முள்ளாகக் கிடந்தது. காய் ஒரே மாதிரிதான், கொஞ்சம் குட்டை. ஆடுகூட அதன் பக்கம் போகாது.

சுரைப் பூ மாலையில்தான் விரியும், வெள்ளையாக, இரவுக்காக இஸ்திரி போட்டு வைத்தது போல. இருட்டியதும் அந்துப்பூச்சிகள் வரும். அவற்றுக்கு வேலி ஏது? பேய்ச்சுரையின் மகரந்தத்தை மீசையில் பூசிக்கொண்டு பத்தடி பறந்து, அவளுடைய பூவில் உட்கார்ந்திருக்கும். போன வருடக் காய் இனித்தது, ஏனென்றால் சதை தாய்க்கொடியுடையது. தகப்பன் இருந்தது விதைக்குள். அவள் ஒரு காயை முற்றவிட்டு, காயவைத்து, விதைகளைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்தபோது, கசப்பையும் சேர்த்தே எடுத்து வைத்திருந்தாள். இந்த வருடம் மாடியில் சாயங்காலம்தோறும் ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தன் கையால் தொட்டுவைத்தாள். அந்த ஒழுங்கெல்லாம் ஒரு வருடம் தாமதம்.

ஒரு கவரில் ஏழு விதை. கவரின் மேல் தன் கையெழுத்தில் 'நாட்டுச் சுரை, பானு வீடு'. மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் பதினோரு பேருக்குக் கொடுத்திருந்தாள்.

பன்னிரண்டரைக்கு நர்ஸ் வெளியே வந்தாள். "பிரஷர் நூறு. ரத்தம் வரல இப்ப. ஒருத்தர் மட்டும் போய்ப் பாருங்க."

பேச்சியம்மாள் போய்விட்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "மருமகன் டம்ளரக் கொட்டியாச்சான்னுதான் முதல்ல கேக்குறாரு. கொட்டியாச்சுன்னேன். 'பானு நல்லாத்தான் ஓட்டுறா'ன்னாரு. என்னத்த ஓட்டுன நீ?"

பானு முகத்தை மூடிக்கொண்டாள். மூச்சு அடங்கியதும் போனை எடுத்தாள். குழுவில் எழுதினாள்: 'வெயிலுக்கும் தண்ணீர்க் குறைவுக்கும் சில சமயம் சுரைக்காய் கசக்கும். கசந்தால் சாப்பிட வேண்டாம். நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள்.' எழுதியதில் பொய் இல்லை. வாடிய கொடியும் கசக்கும்தான். இரண்டு வருடமாக அந்தக் குழுவில் யாருக்கு விதை வேண்டுமென்றாலும் பானுவைக் கேள் என்பார்கள். அனுப்பும் குறியின் மேல் விரல் நின்றது.

அதற்குள் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. பேகம்பூர் பாத்திமாவின் கையில் ஒரு சுரைக்காய், கைக்குழந்தை போல. கீழே அவள் எழுதியிருந்தாள்: 'பானு கொடுத்த விதை, மாஷா அல்லாஹ்! ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தி வளர்த்தேன். பானு சொன்ன மாதிரியே முதல் காய் வெளியில. கீழ் வீட்டுக்குக் கொடுக்கப் போறேன்.'

இரண்டு வேளையும் தண்ணீர். பானு தன் செய்தியை மறுபடி படித்தாள். பாத்திமா அதைப் படித்தால் என்ன நினைப்பாள்? என் கொடி வாடவே இல்லையே, என் காய் நல்ல காய் என்று நினைப்பாள்.

செய்தியை அழித்துவிட்டு அழைத்தாள்.

"பாத்திமாக்கா, காய் எங்க?"

"இப்பத்தான் கழுவி வச்சேன். படம் பாத்தியா? எப்படி இருக்கு நம்ம ராசாத்தி?"

"குடுக்காதீங்க. ஒரு ஓரத்துல நகக்கண்ணு அளவு கிள்ளி நாக்குல வைங்க. முழுங்கக் கூடாது. வச்ச ஒடனே துப்பிரணும்."

"ஏன்டி, முதல் காயத் தொடக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். வைங்கக்கா."

கத்தி பலகையில் படும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். பானு போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்த அமைதிக்குள் நின்றாள்.

"த்தூ!" பாத்திமா துப்பினாள். குழாய் திறக்கும் சத்தம். மறுபடி, "த்தூ! யா அல்லாஹ், என்ன எழவுடி இது!"

"விதைதான்க்கா. நான் எடுத்த விதை. பேய்ச்சுரை கலந்திருக்கு. ஒருத்தர் குடிச்சு ஆஸ்பத்திரில கெடக்குறாரு. பொழச்சுட்டாரு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"எத்தன பேருக்குக் குடுத்த?"

"ஒங்களோட பதினொன்னு."

"மொதல்ல குழுவுல சொல்லு. அப்படியே சொல்லு, சுத்தி வளைக்காத. அஞ்சு பேருக்கு நான் போன் போடுறேன். மிச்சம் அஞ்சு நீ."

பானு பேசும் குறியை அழுத்திப் பிடித்தாள். "நான் பானுப்ரியா பேசுறேன்," என்று ஆரம்பித்தாள். "நான் குடுத்த சுரை விதைல காச்ச காய யாரும் சாப்பிடாதீங்க. யாருக்கும் குடுக்காதீங்க. கொடிய வேரோட புடுங்கிருங்க..."