பதினோராம் ஜோடி

செப்டம்பர் மாதத் தொழிலாளர் தினத்துக்கு மறுநாள், காலை பத்தேகால் மணி. வேலி ஓட்டையில் பாதி நுழைந்த ஃபிலிஸ் மீதி நுழைய முடியாமல் மாட்டிக்கொண்டாள்.

“தள்ளு,” என்றாள்.

“எங்க புடிச்சுத் தள்ள?” என்றான் மார்ட்டி. அவன் அவளுக்குப் பின்னால், வேலிக்கு வெளியே நின்றிருந்தான்.

“அறுபத்தாறு வயசுல இதக்கூட நான் சொல்லிக் குடுக்கணுமா? தள்ளுடா.”

தள்ளினான். துணி கிழிந்தது. ஃபிலிஸ் அந்தப் பக்கம் புல்லில் போய் விழுந்தாள். விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கிடந்தாள்.

மார்ட்டி வேலியில் தொங்கிய பலகையை வாசித்தான். தனியார் நிலம், அத்துமீறினால் வழக்கு என்று இருந்தது.

“யாராவது வந்தா என்ன பண்றது?” என்றான்.

“நான் புதருக்குள்ள ஓடிருவேன். நீ செவிடன் மாதிரி நடி.”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. நடிக்க வேண்டாம், இதே போதும்.”

உள்ளே கினவாசா இருந்தது, பிள்ளைகளுக்கான பழைய கோடை முகாம். அதாவது அதில் மிச்சம் இருந்தது. சிறு வயதில் ஐந்து கோடைகள் இருவரும் இங்கே வந்திருக்கிறார்கள், அவள் பிராங்ஸிலிருந்து, அவன் குவீன்ஸிலிருந்து. பஸ் கிளம்பும்போது அம்மாக்கள் அழுவார்கள். பிள்ளைகள் ஒருவரும் அழுததில்லை. பிறகு ஆளுக்கொரு கல்லூரி, ஆளுக்கொரு கல்யாணம், ஆளுக்கொரு ஊர். போன வருடம் முகாம் சிநேகிதி ஒருத்தியின் இறுதிச் சடங்கில் மறுபடி பார்த்துக்கொண்டார்கள், இருவரும் தனியாட்களாக. கல்லறையை விட்டு வரும்போதே மார்ட்டி அவளைச் சிரிக்க வைத்துவிட்டான். அது தப்பு என்று இருவருக்கும் தெரியும்.

மே மாதம் ஒரு நாள் அவளுடைய கார் டிக்கியில் மளிகைப் பைகளை அடுக்கிக்கொண்டே, “நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டான். அப்போது அவன் கையில் ஒரு டஜன் முட்டை இருந்தது. ஃபிலிஸ் அந்த முட்டையைத்தான் பார்த்தாள்.

“கோடை போகட்டும், சொல்றேன்,” என்றாள்.

நேற்றுத் தொழிலாளர் தினத்தோடு கோடை போய்விட்டது. அவள் பதில், வேண்டாம் என்பது. அதை எப்படிச் சொல்வது என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியும் இருந்தாள். ‘மார்ட்டி, நான் யோசிச்சுப் பார்த்தேன். நாம இப்படியே இருந்துடலாம்.’ கணவர் போய் எட்டு வருடமாகிறது. கட்டிலில் குறுக்காகப் படுத்துப் பழகிவிட்டாள். காலையில் அவள் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொல்ல ஆள் இல்லை. இன்னொருவரைப் புதைக்க அவளுக்குத் தெம்பும் இல்லை. எல்லாமே நல்ல காரணங்கள்.

முகாமைப் போய்ப் பார்க்கலாம் என்று சொன்னதும் அவள்தான். கசப்பான விஷயத்தை நல்ல இடத்தில் வைத்துச் சொல்லலாம் என்பது கணக்கு. இந்த இடம் தன்னை என்ன செய்யும் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் கூரையின் ஒரு மூலை இறங்கியிருந்தது. நாற்காலிகள் மேசைகளின் மேல் கவிழ்ந்து கிடந்தன. கடைசி நாளன்று யாரோ தரையைக் கூட்டுவதற்காகக் கவிழ்த்திருக்க வேண்டும். கூட்டிய தரையில் இப்போது ஒரு மேப்பிள் கன்று முளைத்திருந்தது. அடுக்களை ஜன்னலருகே அகலமான பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டுகள், கொண்டைக்கடலை நிறத்தில், அப்படியே அடுக்கில் இருந்தன.

இருவரும் தட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு வாசல் வழியே, ஏரி வரை சரிந்து போகும் புல்மேட்டைப் பார்த்தார்கள்.

“உன் முட்டி ஆபரேஷன் பண்ணினது,” என்றாள் ஃபிலிஸ்.

“அதான் புது முட்டி. புதுசத்தானே ஓட்டிப் பாக்கணும்.”

புல்லில் பனி இன்னும் காயவில்லை. மார்ட்டி தட்டில் உட்கார்ந்து, தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே சறுக்கிப் போனான். பாதி தூரத்தில் அவன் ஒரு பக்கமும் தட்டு ஒரு பக்கமுமாகப் பிரிந்தன. ராஸ்பெரிப் புதர்தான் அவனை நிறுத்தியது.

“உயிரோட இருக்கியா?”

“பழம் இருக்கு,” என்றது புதர்.

அவள் இரண்டு முறை போனாள். இரண்டாம் முறை முதுகு மேலே, வயிறு கீழே, தலை முன்னால். நாலு பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி. பள்ளிக்கூடத் துணை முதல்வராக ஓய்வு பெற்றவள். வாயில் புல் இருந்தது.

அங்கிருந்து பெண்கள் குடிலுக்குப் போனார்கள். உத்தரங்களில் பல வருடப் பெயர்கள் வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தன. மார்ட்டி மேல் கட்டிலில் ஏறி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுத் தேடினான்.

“இதோ இருக்க.”

“என் பேரா?”

“பேர் மட்டும் இல்ல. ‘ஃபிலிஸ் குறட்டை விடுவாள்’னு போட்டிருக்கு. கீழ மூணு கையெழுத்து.”

“பொய்.”

“மூணு சாட்சி, ஃபிலிஸ். இத எங்கிட்ட மே மாசமே சொல்லியிருக்கணும்ல?”

சொல்ல வேண்டியதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்தாள். வாயைத் திறந்தாள். கட்டில் முறிந்தது. மார்ட்டி மெத்தையோடும் எலிக்கூட்டோடும் கீழ்க் கட்டிலுக்கு இறங்கினான். ஒரு சுண்டெலி அவன் வயிற்றின் மேல் ஏறி நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. ஃபிலிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துச் சிரித்து விலா வலித்தது. கொஞ்ச நேரம் அவளால் மூச்சே விட முடியவில்லை, பேசுவது எங்கே?

படகுக் கொட்டகையில் இன்னொரு முறை முயன்றாள். துடுப்புகளின் கைப்பிடிகளை முள்ளம்பன்றிகள் கடித்துத் தின்றிருந்தன. அவற்றுக்கு உப்பு பிடிக்கும். எத்தனையோ பிள்ளைகளின் வியர்வை அந்த மரத்தில் ஊறியிருந்தது.

“என் துடுப்ப மட்டும் தொட்டிருக்காது,” என்றான் மார்ட்டி.

“நீ எங்க துடுப்புப் போட்ட? பின்னாடி உக்காந்து ஊர்க்கதை பேசின. அதுக்கு ஏது உப்பு?”

இதற்கு அவன் சிரித்த சிரிப்பில் உத்தரத்திலிருந்து புறாக்கள் கிளம்பின. அவளுக்கு வாக்கியத்தின் முதல் சொல் மறந்துவிட்டது.

கடைசியில் படகுத்துறையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரை ரொட்டிக்கு நடுவே முட்டை, கூடவே வெள்ளரி ஊறுகாய். ஏரியில் அலை இல்லை. மார்ட்டி எழுந்து துறையின் அந்தக் கோடிக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தான். அவன் முதுகு தெரிந்தது. முதுகிடம் சொல்வது எளிது. ஃபிலிஸும் எழுந்து, வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

“மார்ட்டி,” என்று உரக்கச் சொன்னாள், அவன் காதுக்காக. “நான் யோசிச்சுப் பார்த்தேன்.”

விசில் ஊதியது.

மேட்டிலிருந்து வந்தது. நீளமாக, ஒரே மூச்சில். அத்துமீறி நுழைந்தவர்கள் விசிலைக் கேட்டால் ஓட வேண்டும். ஃபிலிஸ் புதருக்கு என்று பேச்சு. ஆனால் கினவாசாவின் ஏரியில் விசிலுக்கு ஒரே அர்த்தம்தான். தனியாக யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. விசில் ஊதினால் எங்கே இருந்தாலும், என்ன செய்துகொண்டிருந்தாலும், பத்து எண்ணுவதற்குள் உன் ஜோடியைக் கண்டுபிடித்து, கையைப் பிடித்து, கையோடு கையாக மேலே தூக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு ஜோடியும் தன் எண்ணைக் கத்த வேண்டும். ஓர் எண் குறைந்தாலும் முகாமே கரையேறித் தேடும். நீச்சலில் சமமானவர்களைத்தான் ஜோடி சேர்ப்பார்கள். ஃபிலிஸும் மார்ட்டியும் எல்லோரிலும் மோசம். அதனால் ஐந்து கோடையும் ஒரே ஜோடி.

அவள் திரும்பியது அவளுக்கே தெரியாது. ஓடியதும் தெரியாது. துறையின் நடுவில் அவன் கை கிடைத்தது. அவனும் பாதி தூரம் வந்திருந்தான். செவிடனுக்கு இது மட்டும் கேட்டிருக்கிறது. இரண்டு கைகளும் வானத்தைப் பார்த்து நின்றன.

“பதினொண்ணு!” என்று இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கத்திவிட்டு, பன்னிரண்டுக்காகக் காத்து நின்றார்கள். ஏரியில் ஒரு மீன் துள்ளியது. பன்னிரண்டு வரவில்லை.

வந்தவள் காவல்காரி. முப்பது வயதிருக்கும். சீருடைச் சட்டையில் லோரீன் என்று பெயர் தைத்திருந்தது. ஒரு கையில் விசில், இன்னொரு கையில் கரடி விரட்டும் மிளகு ஸ்பிரே குப்பி. மேட்டிலிருந்து ஓடி வந்ததில் இரைத்தது.

“கரடின்னு நெனச்சு ஊதினேன்,” என்றாள். “நீங்க யாரு? பதினொண்ணுன்னா என்ன அர்த்தம்? மீதி இருபது பேர் எங்க?”

“எந்த இருபது பேர்?” என்றான் மார்ட்டி.

“சார், நீங்க பதினோராவது ஜோடின்னா முன்னாடி பத்து ஜோடி இருக்கணும். எனக்குக் கணக்குத் தெரியும். புதருக்குள்ள ஒளிஞ்சிருக்காங்களா? எல்லாரும் உங்க வயசுதானா? யாருக்காவது நெஞ்சு வலி வந்தா நான் என்ன பண்ணுவேன்?”

ஃபிலிஸ் விளக்க முயன்றாள். ‘தண்ணி’ என்பதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். மார்ட்டிதான் சொன்னான், ஜோடி, விசில், எண், எல்லாம். லோரீன் கேட்கக் கேட்க மிளகுக் குப்பி மெல்லக் கீழே இறங்கியது.

“அம்பது வருஷத்துக்கு முன்னாடி பழகினதா?”

“அதுக்கும் மேல.”

“இன்னும் கை தானா போகுதா?”

“நாங்களும் இப்பதான் பாத்தோம்,” என்றான் மார்ட்டி.

லோரீன் யோசித்தாள். “சரி. வழக்கு ஒண்ணும் வேண்டாம். நானே கேட் வரைக்கும் வண்டியில கொண்டுபோய் விடறேன். ஆனா எனக்கு இன்னொரு தடவை பாக்கணும். படம் எடுத்துக் காட்டலன்னா எங்க வீட்டுக்காரர் நம்ப மாட்டாரு. அங்க மேல போய் ஊதறேன். நீங்க ரெண்டு பேரும் முன்ன மாதிரியே தள்ளித் தள்ளி நில்லுங்க.”

போனை நோண்டிக்கொண்டே மேட்டில் ஏறினாள். மெதுவாக ஏறினாள்.

கைகள் எப்போது பிரிந்தன என்று ஃபிலிஸுக்கு நினைவில்லை.

“யோசிச்சுப் பார்த்தேன்னு சொன்ன,” என்றான் மார்ட்டி.

“ஆமா.”

“உன் பதில் ‘வேண்டாம்’தானே?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் தொப்பியில் ராஸ்பெரி இலை ஒட்டியிருந்தது.

“எப்படித் தெரியும்?”

“காலைலேர்ந்து நீ வாயத் தொறக்கறதும் மூடறதுமா இருக்க. மீன் மாதிரி. வர்ற வழியில ஓட்டல்ல காப்பி குடிக்கும்போதே தெரியும்.”

“தெரிஞ்சுமா தட்டுல உக்காந்து சறுக்கின?”

“தெரிஞ்சதாலதான் சறுக்கினேன். சறுக்கிட்டே இருந்தா உன்னால சொல்ல முடியாதுல்ல.”

ஃபிலிஸுக்கு மறுபடியும் சிரிப்பு முட்டியது. அதை அடக்கினாள்.

“அந்தக் கட்டில்?”

“கட்டில் தானா ஒடைஞ்சது. அதுக்கு நான் பொறுப்பில்ல.” அவன் துறையின் கோடிக்கு நடந்தான். அங்கே போய்த் திரும்பி நின்றான். “இங்க பாரு, முன்னாடி வந்தது பழக்கம். அத நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். இந்தத் தடவை நான் அசையப் போறதில்ல. இங்கதான் நிப்பேன். கை இதோ இருக்கு. நீ வந்தா தூக்கலாம். வரலன்னா போற வழியில பீச் பழ கேக் வாங்கித் தரேன், சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போகலாம். அப்புறம் இதப் பத்திப் பேச்சே கிடையாது. எப்பவும் போல போன் பண்ணுவேன்.”

“வீடியோல நீ தனியா நிப்ப.”

“நிக்கறேன். எனக்கென்ன?”

வலது கையை உடம்பை விட்டுச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டான்.

ஃபிலிஸ் தன் இடத்தில் நின்று காரணங்களை மறுபடி எண்ணினாள். கட்டிலுக்கு ஒரு வழி இருந்தது, பெரிய கட்டில். ரேடியோவுக்கு வழியே தேவையில்லை, அவன் காதுக்கு அது எட்டாது. கடைசிக் காரணம், இன்னொருவரைப் புதைப்பது, அப்படியே இருந்தது. அதற்கு வழி இல்லை. அவளிடம் மட்டுமல்ல, யாரிடமும் இல்லை. இருந்தும் நெஞ்சு, தட்டில் உட்கார்ந்து மேட்டின் விளிம்பில் நின்றபோது அடித்த மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கிழிந்த கால்சட்டை வழியாகக் காற்று வந்தது. அவள் எடை முன்காலுக்கு மாற, துறைப் பலகை காலடியில் கிறீச்சிட்டது.

மேலே லோரீன் ஒரு கையில் போனை நீட்டி, மறு கையில் விசிலை வாயருகே வைத்திருந்தாள்.

“மேடம்,” என்று கத்தினாள், “ரெடியா, ஊதட்டுமா?”