சாம்ராஜின் செம்புக் கம்பி

மோட்டார் ஷெட்டில் போர்டு பெட்டியைத் திறந்ததுமே கருகல் வாடை. தாரா பல்லைக் கடித்தாள்.

மூன்றாவது போர்டும் போச்சு!

மாரிகுப்பத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய அந்த லைன் வீடுகள் மொத்தத்துக்கும் இந்த ஒரே போர்வெல்தான். போர்வெல் குழியில் தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் போர்டு அவள் செய்தது. பெங்களூர் வேலை முடிந்து ரயிலில் வந்து, தூக்கத்தைத் தொலைத்துச் செய்தது. போர்டு செத்தால் மோட்டாரை நிறுத்த ஆளில்லை. வறண்ட குழியில் ஓடினால் மோட்டாரும் காலி, தண்ணீரும் காலி.

தண்ணீர் மட்டத்தைச் சொல்லும் சென்சாரின் ஒயர் போர்டுக்குள் நுழைகிற வாசலிலேயே காவல் வைத்திருந்தாளே! அதிக வோல்டேஜ் வந்தால் ஒரு டையோடு அதை எர்த்துக்குத் தள்ளும். அதுவும் தாங்காவிட்டால் முன்னால் இருக்கும் சின்ன ஃபியூஸ் அறுந்து, சிப்பைக் காப்பாற்றும்.

டார்ச் அடித்துப் பார்த்தாள். ஃபியூஸ் இருந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பி!

“மாமா!”

ஷெட் சாவி வைத்திருக்கும் சாம்ராஜ், டீ கிளாஸோடு வந்தார். சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர்.

“இன்னாம்மா கூவுற?”

“இது யார் வேலை?”

“நான்தான். உன் ஃபியூஸு பொசுக்குனு பூடுது, மோட்டாரு நின்னுடுது. கெட்டியா ஒண்ணு போட்டேன்.”

“மூணு தடவையுமா?”

“பின்ன? அண்டர்கிரவுண்டுல பம்ப்பு நின்னா ஆளுங்க வேலை செய்யுற லெவலே தண்ணில முழுகிப்பூடும். ஷிஃப்டுல எத்தினி கம்பி போட்டிருக்கேன் தெரியுமா?”

“அங்க தண்ணி ஏறினா ஆபத்து. இங்க இறங்கினா ஆபத்து மாமா!”

“இரு, ஓட்டியே காட்டுறேன்.” மெயின் ஸ்விட்சைப் போட்டார்.

வெளியே குழாய் தண்ணீரைக் கொட்டியது. பிறகு இருமியது. பிறகு வெறும் காற்றைத் துப்பியது. மோட்டார் நிற்கவில்லை! தாரா பாய்ந்து ஸ்விட்சை இழுத்தாள்.

மோட்டார் ஒயரோடு உரசிச் சென்சார் ஒயரின் தோல் கிழிந்திருந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமையே தீர்ந்துவிட்டது. அதிக வோல்டேஜ் புகுந்தது அந்த வழியாகத்தான். ஒயர்களைப் பிரித்துக் கட்டினாள். கையில் மிச்சமிருந்த ஒரே போர்டை மாட்டினாள். பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஸ்விட்ச் போட்டதும் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் மோட்டார் தானாக நின்றது.

“தாரா! உன் டப்பா மறுபடியும் அவுட்டு!” குழாயடியில் பாதிக் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா கத்தினாள்.

“அவுட் இல்லக்கா. குழியில தண்ணி இல்ல. ஊறினா அதுவே ஓடும்.”

குழாயடியில் யாரும் நம்புவதாக இல்லை. சாம்ராஜ் நைசாகக் கிட்டே வந்தார்.

“சாவியக் குடேம்மா. சும்மா பாத்துட்டுத் தரேன்.”

அவர் சட்டைப் பையிலிருந்து செம்புக் கம்பி எட்டிப் பார்த்தது.