குதிரை லைனின் புது விலாசம்

1952-ஆம் வருஷம் ஆடி மாதம், அல்சூர் குதிரை லைனை இடித்துவிட்டு அங்கே மூன்று மாடிக் கட்டடம் எழுப்பப்போவதாக, வீடு கட்டித்தரும் அரசாங்க போர்டு தண்டோரா போட்ட அதே வாரத்தில், லைனில் அதுவரை செத்துப்போயிருந்தவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். காலை வேளையில் வந்தார்கள். தெருக்குழாயில் தண்ணீர் இன்னும் வரவில்லை. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். ஏரிப் பக்கமிருந்து ஒரு கூட்டம் வருவதைப் பார்த்து, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் வழி தவறிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். கிட்டே வந்ததும் முகங்கள் தெரிந்தன. ஒருத்தி கையிலிருந்த குடம் விழுந்து நசுங்கியது. மற்றபடி அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.

குதிரை லைன் என்பது பேருக்கு ஏற்ற இடம்தான். வெள்ளைக்காரப் பட்டாளம் குதிரைகளைக் கட்டிவைத்த லாயம். குதிரைகள் போன பிறகு தடுப்புகளுக்கு நடுவே சுவர் எழுப்பி, பட்டாளத்துக்கு ஊழியம் செய்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. ஒரு குதிரை நின்ற இடத்தில் ஒரு குடும்பம். மழைக்காலத்தில் தரையிலிருந்து இன்னும் குதிரை லத்தி வாடை வரும். தெருவுக்கு ஒரே குழாய். மற்ற அவசரங்களுக்கு ஏரிக்கரை. ஆகவே போர்டு புதுக் கட்டடம் என்று சொன்னபோது கொத்துமேஸ்திரி கோவிந்தப்பா போன்றவர்கள் நல்லதென்றே நினைத்தார்கள். வீட்டுக்குள் குழாய் வரும், மின்சாரம் வரும் என்று அவர் குழாயடியில் நின்று பிரசங்கம் செய்தார். ஆனால் அவர் பக்கம் சேர்ந்தவர்கள் குறைவு. ஆடு வளர்ப்பவர்கள் ஆட்டை எந்த மாடியில் கட்டுவது என்று கேட்டார்கள். புத்த சங்கத்தில் இருந்த அய்யாவு என்பவருக்கு வேறு கவலை. "எந்தலைக்கு மேல இன்னொருத்தன் காலு நீட்டிக்கினு தூங்குவானா? நான் தூங்கறதா, அவங்காலப் பாத்துக்கினு இருக்கறதா?" என்று அவர் கோவிந்தப்பாவைக் கேட்டார்.

செத்தவர்கள் வந்த காரணம் எளிமையானது. அதைச் சொன்னவள் கோவிந்தப்பாவின் முதல் மனைவி வள்ளியம்மா. பிளேக் வந்த வருஷத்தில் போனவள்; போன வயசிலேயே இருந்தாள். "அமாவாசைக்கு அமாவாசை வந்துக்கினுதான் இருந்தோம். உங்க கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான். இப்ப எல்லாத்தியும் இடிச்சிட்டீங்கன்னா நாங்க எங்கேன்னு வர்றது? புது விலாசம் சொல்லுங்கோ, போயிடறோம்" என்றாள். புதுக் கட்டடமே இல்லாதபோது புது விலாசம் எங்கிருந்து வரும்? அதனால் அவர்கள் தங்க வேண்டியதாயிற்று.

அவர்கள் சாப்பிடவில்லை, ஆனால் தட்டு வைக்காவிட்டால் முகம் சுளித்தார்கள். தூங்கவில்லை; ஆனால் கால் நீட்ட இடம் கேட்டார்கள். ஒரு குதிரை நின்ற இடத்தில் உயிரோடு ஐந்து பேரும் செத்தவர்கள் ஏழு பேரும் இருந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் யோசித்துப் பார்க்கலாம். கோவிந்தப்பாவின் இரண்டாம் மனைவி ஜானகி முதல் மாதம் வள்ளியம்மாவோடு பேசவேயில்லை. பிறகு இருவரும் சேர்ந்து கோவிந்தப்பாவைக் கேலி செய்ய ஆரம்பித்தார்கள். அவர் வேலை முடிந்தாலும் வீட்டுக்கு வராமல் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தார். செத்தவர்கள் திரும்புவதில்லை என்று சங்கத்தில் படித்திருந்த அய்யாவு, எதிரே செத்துப்போன அப்பா உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தபோதும் அந்தக் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. நெருக்கடி தாங்காமல், மாடி வேண்டாம் என்று சொன்னவர்கள் ஒவ்வொருவராகக் கட்டடத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். மூன்று மாடி போதுமா என்றுகூடக் கேட்டார்கள்.

ஒப்புக்கொள்ளாதவள் சந்திரம்மா ஒருத்திதான்.

சந்திரம்மா கமர்ஷியல் தெருவில் ஒரு தையல் கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் வேலை செய்தாள். அவள் புருஷன் முனிகிருஷ்ணன் 1942-இல் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போனவன். போகும்போது அவளுக்கு மூன்று மாதம். சண்டையில் காணாமல் போய்விட்டான் என்று முதலில் சொன்னார்கள்; சண்டை முடிந்து வெகுநாள் கழித்து, செத்துவிட்டதாக வைத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். உறவுக்காரர்கள் அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப்போய்ப் பொட்டை அழித்தார்கள். அதற்கு முன்பே அவன் பார்க்காத பெண் குழந்தை பூங்காவனம், ஒரு வயசு நிறையும் முன் அம்மை போட்டுப் போய்விட்டாள்.

செத்தவர்கள் வந்த காலையில் சந்திரம்மா கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். வள்ளியம்மா அவளை நிறுத்தினாள். வள்ளியம்மாவின் இடுப்பில் பூங்காவனம் இருந்தது. அம்மைத் தழும்பு நெற்றியில் அப்படியே இருந்தது. சந்திரம்மா இரண்டு கையையும் நீட்டினாள். குழந்தை அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு வள்ளியம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"வேத்து முகம்னு பாக்குது. இத்தினி நாளு எங்கிட்டதான இருந்திச்சி? அழுதுச்சின்னா முதுகுல தட்டு, அடங்கிடுவா" என்றாள் வள்ளியம்மா, அவள் பெற்ற பிள்ளையைப் பற்றி அவளுக்கே.

சந்திரம்மா கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அவரு வரலியாக்கா?"

"அவன் அங்க இல்லியேம்மா. நான் பாக்கவேயில்லியே."

இது குழாயடியிலிருந்து லைன் முழுக்கப் பரவியது. செத்தவர்களோடு இல்லையென்றால் உயிரோடுதான் இருக்க வேண்டும். இதில் கணக்குப் போட ஒன்றுமில்லை. ஜானகி குங்குமச் சிமிழோடு ஓடிவந்து சந்திரம்மாவின் நெற்றியில் பொட்டு வைத்தாள். ரேஷன் சர்க்கரையைச் சேர்த்துப் போட்டு யாரோ கேசரி கிண்டினார்கள். அந்த மாதம் முழுவதும் சந்திரம்மா பகலில் காஜா எடுத்தாள், சாயங்காலம் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். குழந்தைகூட மெல்ல மெல்ல அவள் மடியில் ஏற ஆரம்பித்தது. அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல மாதம் இருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், கடையில், ஒரு கல்யாணக் கோட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, இன்னொரு கணக்கும் அவளுக்குத் தோன்றியது. சண்டை முடிந்து ஏழு வருஷம் ஆகிறது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவன் ஏழு வருஷமாக வரவில்லை. ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு எடுத்து, மீதி காஜாவை முடித்தாள். வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பொட்டையும் அழிக்கவில்லை.

போர்டிலிருந்து சுந்தரராமன் என்ற அதிகாரி வந்தார். மல்லேஸ்வரத்துக்காரர், தாழ்ந்த குரலில் பேசுபவர். யார் உயிரோடு, யார் இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாததால், ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விசாரித்தார். வேலை முடிந்ததும் கோவிந்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, மற்ற இடங்களிலும் இப்படி வருவார்களா என்று கேட்டார். இடிப்பதாகச் சொன்னால் வருவார்கள் சார் என்றார் கோவிந்தப்பா. சுந்தரராமனின் மனைவி இரண்டு வருஷம் முன்புதான் தவறியிருந்தாள். அவர் தன் சொந்த வீட்டை இடிக்க ஆள் தேடுவதாக மறுமாதம் ஒரு பேச்சு அடிபட்டது.

சந்திரம்மாவின் வாசலில் அவர் வெகுநேரம் நின்றார்.

"எல்லாரும் சம்மதிச்சாச்சும்மா. நீங்க ஒருத்தர் சரின்னாத்தான் வேலையே ஆரம்பிக்க முடியும்."

"முடியாது சார்."

"ஏன்னு சொல்லுங்களேன்."

"அவரு வந்தா இந்த வாசலுக்குத்தான் சார் வருவாரு. அவருக்கு வேற வாசல் தெரியாது."

சுந்தரராமன் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. லைன்காரர்கள் வற்புறுத்தினார்கள். முதலில் கெஞ்சினார்கள், அடுத்த வருஷம் திட்டினார்கள், அதற்கடுத்த வருஷம் பேச்சை நிறுத்தினார்கள். குழாயடியில் அவள் குடம் தானாகப் பின்னுக்குப் போனது. "ஒருத்தி புருஷனுக்காவ ஊரே செத்தவங்களோட இடிச்சிக்கினு கெடக்கணுமா?" என்று கோவிந்தப்பா அவள் காதுபடக் கத்தினார். பொட்டு வைத்த ஜானகிகூட அவளைப் பார்த்தால் கதவைச் சாத்தினாள். சந்திரம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. சாயங்காலமானால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். எத்தனை வருஷமானாலும் குழந்தை அதே கனம்தான் இருந்தது.

1955-இல் ஒரு மத்தியானம் வள்ளியம்மா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடக்க முடியாத ஒரு கிழவர் லைனில் அந்த வாரம் செத்துப்போயிருந்தார். புது வீட்டில் கொஞ்சநாள் நிம்மதியாக இருக்க வேண்டுமென்று சொல்லிக்கொண்டிருந்தவர். செத்த பிறகும் அவருக்குப் பழைய மூலையே கிடைத்தது.

"சந்திரா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நாங்க செத்தவங்க. எங்களுக்கு விலாசம் மாறினா வழி தெரியாது, அதான் வந்து குந்திக்கினு இருக்கறோம். உசிரோட இருக்கறவனுக்கு இன்னா? வாய் இருக்குது. அல்சூருல எறங்கி, குதிரை லைன் எங்கேன்னு கேட்டா சின்னப் புள்ளகூடச் சொல்லும்."

சந்திரம்மா தெருக்கோடியைப் பார்த்தாள்.

"வர்றவன் எங்க இருந்தாலும் வருவான்மா" என்றாள் வள்ளியம்மா.

அந்த வாக்கியத்தின் மறுபாதியை அவள் சொல்லவில்லை. சந்திரம்மா அதை மூன்று வருஷமாகத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு இருந்தவள்தான். இன்னொருவர் வாயருகே அது வந்து நின்றபோதுதான் அழுதாள். அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, கோவிந்தப்பா வீட்டுக்குப் போய், "இடிச்சிக்கச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

லைன் இடிந்த நாளில் யாரும் மகிழ்ச்சியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேண்டுமென்று கேட்டவர்களே சுவர் விழும்போது வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கோவிந்தப்பா, தன் கையால் பூசிய சுவர் விழுவதைப் பார்க்க முடியாமல் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு வருஷம் எல்லாரும், உயிரோடு இருந்தவர்களும் இல்லாதவர்களும், ஏரிக்கரையில் தகரக் கொட்டகைகளில் கிடந்தார்கள். 1957-இல் கட்டடம் முடிந்தது. கடைசியாகச் சம்மதித்த சந்திரம்மாவுக்கு மூன்றாவது மாடியில் கடைசி வீடு கிடைத்தது.

செத்தவர்கள் ஒவ்வொருவராகப் படியேறிவந்து, எந்த மாடி, எத்தனையாவது கதவு, கதவு என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டார்கள். படியில் மூச்சு வாங்கவில்லை என்றாலும் பழக்கத்தால் நடுவே உட்கார்ந்து போனார்கள். பார்த்தவர்கள் கிளம்பினார்கள். கடைசியில் வள்ளியம்மா கீழே வந்து நின்று மேலே பார்த்தாள்.

"நீ போ அக்கா. இவ எங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் சந்திரம்மா மேலேயிருந்து. ஐந்து வருஷத்தில் பூங்காவனம் அவளிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. மற்றவர்கள் தூக்கினால் அழுதது.

வள்ளியம்மா படியேறி வந்தாள். "இரும்மா, வெச்சிக்க. நான் வேணாங்கல. ஆனா நீ ஒரு நாளிக்கி வேலைக்குப் போனா இவளை யாரு பாத்துப்பாங்க? கீழ இருக்கறவங்க எல்லாம் கதவைச் சாத்திக்கினாங்க, பாத்தியா?"

அது உண்மை. புதுக் கட்டடத்தில் கதவுகள் நன்றாகச் சாத்தின. சந்திரம்மா குழந்தையை முதுகில் தட்டித் தூங்கவைத்தாள். தூங்குவதில்லை என்றாலும் பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டு அம்மாவுக்காகத் தூங்குவது போலப் படுத்திருந்தது. அப்படியே வள்ளியம்மாவின் தோளில் கொடுத்தாள். பிள்ளையை இரண்டாம் தடவை கொடுத்த அந்தச் சாயங்காலம் அவள் சமைக்கவில்லை. இருட்டும் முன்பே ஜானகி ஒரு தட்டில் சோறு போட்டு மூன்று மாடி ஏறிக் கொண்டுவந்தாள். சந்திரம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை ஜானகி போகவில்லை.

புது வீடுகள் எப்படி இருந்தன என்றால், குழாய் எல்லா வீட்டிலும் இருந்தது, தண்ணீர் கீழ் வீட்டில் மட்டும் வந்தது. ஆட்டுக்காரர்கள் வீட்டை விற்றுவிட்டு வேறெங்கோ போனார்கள். அய்யாவு தலைக்கு மேல் இருந்தவன் உண்மையிலேயே இரவெல்லாம் நடந்தான். அவர் 1959-இல் செத்தபோது பாடையைப் படியில் திருப்ப முடியாமல் நிமிர்த்திப் பிடித்து இறக்கினார்கள். அடுத்த அமாவாசைக்கு அவரும் வந்தார். வந்து உட்கார்ந்து, செத்தவர்கள் திரும்புவதில்லை என்பதே தன் கருத்து என்றார்.

இப்போது அமாவாசை மத்தியானங்களில் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தே வந்தார்கள். ஒரு தடவை பழகியபின் மறைந்து வருவதில் அர்த்தமில்லை என்று நினைத்தார்கள் போலும். வள்ளியம்மா பூங்காவனத்தை மூன்றாம் மாடியில் விட்டுவிட்டு, கீழே ஜானகியோடு பேசப் போவாள். சந்திரம்மா அன்றைக்குக் கடைக்கு லீவு போட்டாள்.

1961-ஆம் வருஷம் தை அமாவாசையன்று, கதவைத் திறந்தபோது, வள்ளியம்மாவின் பின்னால் ஒரு ஆள் நின்றான். தலை நரைத்து, கன்னம் ஒட்டி, பர்மாக்காரர்கள் கட்டும் கைலி கட்டியிருந்தான். பூங்காவனம் அவன் தோளில் இருந்தது. வள்ளியம்மா படியிறங்கிப் போனாள்.

சந்திரம்மா அவனை வெகுநேரம் பார்த்தாள். பத்தொன்பது வருஷத்துக்குச் சேர்த்துப் பார்த்தாள்.

"எப்ப?" என்றாள்.

"போன வாரம்" என்றான் முனிகிருஷ்ணன். "காய்ச்சலு."

"அங்க யாரு இருக்காங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "ஒருத்தி. ரெண்டு பசங்க. குண்டடி பட்டுக் கெடந்தவன இழுத்துக்கினு போயி வெச்சிக் காப்பாத்தினா. அப்பறம்… கெளம்பணும் கெளம்பணும்னு ஒவ்வொரு வருஷமும் நெனச்சேன், சந்திரா."

 திட்டுவதற்குச் சந்திரம்மாவிடம் நிறைய இருந்தது. பல வருஷமாகச் சேர்த்து வைத்தது. வாயைத் திறந்தபோது வேறு வந்தது. "பசங்க சின்னவங்களா?"

"பெரியவனுக்குப் பத்து."

"அவ பாவம்" என்றாள் சந்திரம்மா. பிறகு வழிவிட்டு நின்றாள். அவன் உள்ளே வந்து உட்கார்ந்தான். அவள் தட்டு வைத்தாள். கண்ணாடி முன் போய், முந்தானையால் தன் பொட்டைத் தானே துடைத்தாள். இந்தத் தடவை யாரும் ஏரிக்கரைக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கவில்லை. திரும்பிவந்தபோது குழந்தையின் நெற்றித் தழும்பை அவன் விரலால் தடவிக்கொண்டிருந்தான். இது எப்படி வந்தது என்று கேட்டான். அவள் முதலிலிருந்து சொன்னாள்.

அதன்பிறகு முனிகிருஷ்ணன் ஒரு அமாவாசைக்கு அல்சூரும், அடுத்த அமாவாசைக்குப் பர்மாவும் போனான். அதுதான் நியாயம் என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். அவன் வராத மாதங்களில் எங்கே இருக்கிறான் என்பது சந்திரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்ததைவிட அது லேசாக இருக்கிறது என்று அவள் ஜானகியிடம் சொன்னாள். பூங்காவனத்தை அவன் இரண்டு இடத்துக்கும் தூக்கிக்கொண்டு போனான். அங்கே பையன்கள் இருவரும் அவளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு கீழேயே விடுவதில்லையாம்.