பெட்டிக்கு வெளியே நின்றவன்

மலை ரயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால், வெளியே நின்றபடி பிரேக் பிடிக்க ஓர் ஆள் உண்டு. சிவபாலனுக்கு அந்த வேலை. பயணிகள் உள்ளே பாடுவார்கள், சாப்பிடுவார்கள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு பனியில் நிற்பான். அப்பா பேசி முடித்த பெண்ணை வேண்டாமென்றதற்கு, "என் மூஞ்சியிலயே முழிக்காதே" என்று அவர் கத்திய அன்றே காஞ்சிபுரத்தை விட்டு வந்தவன். ரோஷக்காரன், ஒரு போன்கூடப் பண்ணியதில்லை. மலையிலும் அவனுக்கென்று யாரும் அமையவில்லை.

அன்று ஒரு சுற்றுலாக் கூட்டம் ஏறியது. வண்டி காட்டுக்குள் நுழைந்ததும், பின்னாலிருந்த ஜன்னல் வழியே ஒரு பெண்குரல் கேட்டது.

"இன்னா குளுருங்க! நம்ம சர்வதீர்த்தக் குளத்தாண்ட மார்கழியில கூட இப்டி இருக்காது."

"ஷாலைப் போத்திக்கோ, சங்கரி" என்றது ஓர் ஆண்குரல்.

சர்வதீர்த்தக் குளம் சிவபாலனின் காஞ்சிபுரத்துக் குளம். அவன் வீட்டை விட்டுக் கிளம்பியபோது தங்கை சங்கரி ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்க மனம் அடித்துக்கொண்டது. ஆனால் வளைவும் சரிவுமான பாதை. கண்ணை எடுக்க முடியாது.

எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் நிலையத்தில் அவளே இறங்கி வந்தாள்.

"அண்ணே, டீ எங்க கெடைக்கும்?"

"அதோ, அந்தாண்ட இருக்குது பாரும்மா."

"நம்ம ஊர்ப் பேச்சா இருக்குதே! எந்தத் தெரு?"

அவன் முகத்தை மூடியிருந்த மஃப்ளரை அவிழ்த்தான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துபோனது.

"அப்பா பூட்டாரு" என்றாள். "கொள்ளி வெக்கச் சொல்லோ உன்னத் தேடாத எடமில்ல. கடசீல எங்க வூட்டுக்காரருதான் வெச்சாரு."

விசில் ஊதிவிட்டது. அவன் ஓட வேண்டியிருந்தது.

உச்சி நிலையம் வந்தது. இறங்கியவள் நேரே அவர்களுக்காகக் காத்திருந்த வேனில் போய் உட்கார்ந்தாள். அவள் கணவன் லோகேஸ்வரன் மட்டும் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு தபா வூட்டுக்கு வாங்க மச்சான். உங்க மேல கோவப்படாம அவ வேற யாரு மேல கோவப்படுவா?"

லீவு போட்டுவிட்டு சிவபாலன் அவர்கள் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த சங்கரி, மாலை போட்ட அப்பாவின் படத்தைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் அழுது ஓயும்வரை சமையல்கட்டில் பாத்திரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு இலை போட்டாள்.

"ரசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

"போதும்மா."

அவன் கிளம்பியபோது அவள் வாசல்வரை வந்து, அவன் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.