இளங்கீரனுக்கு நான் போட்ட தேதி

2013இல் எங்கள் கிரவீன் வீட்டுக் குசினி மேசையில் முப்பது, நாற்பது பேருக்காவது அகதி கேஸ் எழுதிக் கொடுத்திருப்பேன். படகில் வந்த பலருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குத் தெரியும். அந்தத் தலைக்கனம் நிறையவே இருந்தது. யார் எதைச் சொன்னாலும், "அது சரிவராது, நான் எழுதுறன் விடுங்கோ" என்பேன்.

அப்படி எழுதிக்கொள்ள வந்த அருந்ததி அக்கா சொன்னது இது. சண்டை முடிந்தபோது அவருடைய கணவர் இளங்கீரன் இராணுவத்திடம் சரணடைந்தார். ஒரு மேஜர் அவருடைய கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினான். அக்கா பக்கத்தில் நின்று பார்த்தார். அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

"சரணடைஞ்சவர் எண்டால் இயக்கம் எண்டுதான் நினைப்பாங்கள், அக்கா. விசா கிடைக்காது."

ஷெல் விழுந்து செத்தார் என்று எழுதினேன். தேதியையும் நானே போட்டேன்.

"அவர் சாகேல்லை, தம்பி."

"பேப்பரிலதானே அக்கா!"

இன்டர்வியூவுக்குப் போன அன்று பொட்டை அழித்துவிட்டுப் போகச் சொன்னவனும் நான்தான். விசா கிடைத்ததும் லட்டுப் பெட்டியோடு வந்தார். நெற்றியில் பொட்டு திரும்ப இருந்தது. நான் லட்டைத் தின்றேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் அந்த மேஜர் மெல்பேர்னில் மகனோடு குடியிருப்பது தெரியவந்தது. ஊரில் நடந்த குற்றத்துக்கு இந்த நாட்டுக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாமாம். பெடரல் பொலிசுக்குக் கொடுக்க, கேட் என்ற இளம் வழக்கறிஞர் சாட்சிகளைத் திரட்டினார். மேஜர் கைபிடித்து ஏற்றியதைக் கண்டவர் அக்கா ஒருவர்தான். மொழிபெயர்க்க வரதராஜா தம்பிதான் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் இப்போது அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளன். மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பழைய தாள் வெளியே வராது என்ற நப்பாசையில் போனேன்.

பரமட்டா அலுவலகத்தில் கேட் முதலில் மேசையில் வைத்ததே அந்தத் தாளைத்தான். குடிவரவு அலுவலகத்திலிருந்து எடுத்திருந்தார்.

"இதில் கணவர் ஷெல்லில் இறந்தார் என்று இருக்கிறது. மேஜருடைய வக்கீல் இது ஒன்றைக் காட்டியே உங்களைப் பொய்சாட்சி ஆக்கிவிடுவார். இதை யாராவது தாங்களாக எழுதிக் கொடுத்தார்களா? அப்படி ஒருவர் வந்து சொன்னால் நீங்கள் சாட்சி சொல்லலாம். இல்லாவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

உதவியவர் பெயர் என்ற இடம் தாளில் காலியாக இருந்தது. நான் எழுதிக் கொடுத்த எல்லாத் தாளிலும் அதைக் காலியாகத்தான் விட்டேன். 'நான்தான்' என்ற ஒரு சொல் போதும். சொன்னால் அங்கீகாரம் போகும், விசாரணை வரும். கேட் சொன்னதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஒருத்தரும் எழுதித் தரேல்லை," என்றார். "நான்தான் பயத்தில பொய் சொன்னனான். அப்பிடியே சொல்லுங்கோ, தம்பி."

சொன்னேன். என் ஆங்கிலம் ஓரிடத்திலும் தடக்கவில்லை.

கேட் மன்னிப்புக் கேட்டு பைலை மூடினார்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டார். "உங்களுக்கு இனி ஒண்டும் வராதுதானே?"

"வராது, அக்கா."

அப்போதாவது காரைத் திருப்பியிருக்கலாம். பிளாக்டவுன் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனேன். ஸ்டேஷனடியில் இறங்கியவர் கதவைப் பிடித்தபடி நின்றார்.

"கோர்ட்டுக்கும் அவர் ஷெல்லில செத்தவர்தான் எண்டால்," என்றார், "இனி நான் பொட்டு வைக்கலாமோ, தம்பி?"

அவர் குத்திக்காட்டவில்லை. இப்படியான விஷயங்களை என்னிடம் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.