எந்தச் சீட்டுக்கு இறங்குவது

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவு இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தே பாதி வேலையை முடித்துவிடுவார். "உள்ள எத்தனை பேரு? நாலா? கேரம் போர்டு குடுத்தனுப்பட்டுமா?" என்பார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்களாம். அப்படிப்பட்ட மனிதரை வாய் மூடி உட்காரவைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் நாங்கள் இருவரும் தெருமுனையில் இருந்த தையற்காரர் கடைக்குப் போவோம். அன்றைக்குக் கடை லீவு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துணி வெட்டும் மேஜைமேல் பழைய கோட்டுத் துணி ஒன்றை விரிப்பார் தையற்காரர். அதுதான் போக்கர் மேஜை. ஆடுகிறவர்கள் நாலு பேர்: தையற்காரர், என் வீட்டுக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அண்ணன், செல்போன் கடையில் வேலை பார்க்கும் என் தம்பி. நான் ஆடுவதில்லை. வீட்டுக்காரருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன்.

காசு வைத்து ஆடக் கூடாது என்பது தையற்காரர் போட்ட சட்டம். பந்தயத்துக்குப் பட்டன்தான். யாருக்கு முதலில் பட்டன் தீர்ந்துபோகிறதோ அவர், ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பட்டன்களையும் நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரித்து அதனதன் டப்பாவில் போட வேண்டும். அதற்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, அவரவர் மட்டும் பார்க்கலாம். அப்புறம் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டை மேஜையில் திறந்து வைப்பார்கள். அந்த ஐந்தும் வருவதற்கு முன்பே, கையில் இருக்கிற இரண்டை மட்டும் பார்த்து, இறங்குவதா அல்லது கவிழ்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். பாதி ஆட்டம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது என்பான் தம்பி.

என் வீட்டுக்காரர் கவிழ்த்து நான் பார்த்ததே இல்லை. எந்த இரண்டு சீட்டு வந்தாலும் வாங்க வாங்க என்று வரவேற்பார். ஒன்பதும் நாலும் வந்தால், "ஒம்பது மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு நாலு மணிக்கு வர்ற பிளம்பர் வந்துட்டாருப்பா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பட்டனை நகர்த்துவார். ராணியும் மூன்றும் வந்தால், "ஒரு ராணி, மூணு நாத்தனார்." கையில் இருப்பதைத்தான் சொல்கிறாரா, புளுகுகிறாரா என்று மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார், பெரும்பாலும் தோற்பார். எப்போதாவது ஒரு ஏழும் இரண்டும் பொதுச் சீட்டுகளோடு சேர்ந்துகொண்டு என் தம்பியின் ஜோடி ஆஸைத் தோற்கடித்துவிடும். அன்றைக்குக் கடையே அதிரும். பஸ்கார அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரிப்பார். தம்பி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு ஆட்டமா மாமா?" என்பான்.

மற்ற வாரமெல்லாம் பட்டன் பிரிப்பது எங்கள் வீட்டுக்காரர்தான். தம்பியும் அண்ணனும் கிளம்பிவிடுவார்கள். எனக்கும் அந்தக் காட்சியைப் பார்க்கச் சகிக்காது, முன்னால் நடந்துவிடுவேன். முக்கால் மணி நேரம் என்பது ஒன்றரை மணி நேரம் ஆகி, இருட்டுவதற்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். தோற்ற அவமானத்தை மறைக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். ஒருநாள் பஸ்கார அண்ணனின் மனைவி முழங்கை வலி என்று வந்திருந்தாள். அதற்கு முன் நாங்கள் பார்த்துக்கொண்டதில்லை. பேச்சு வாக்கில் யார் என்று தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, அந்தப் பட்டன் பொறுக்குற லிஃப்ட்காரர் வீட்டம்மாவா நீங்க? வாரா வாரம் இவரு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. அவள் கையை மேஜையில் திருப்பி வைக்கும்போது தேவைக்கு மேல் கொஞ்சம் வேகமாகவே திருப்பிவிட்டேன். "ஆ" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அன்று முழுவதும் அந்த "பொறுக்குற" காதிலேயே நின்றது.

சாயங்காலம் தம்பிக்கு போன் போட்டேன். "எந்தெந்தச் சீட்டுக்கு இறங்கணும்னு ஏதோ கணக்கு இருக்குன்னியே, அதை எனக்கு அனுப்பு."

"உனக்கு எதுக்குக்கா?"

"உங்க மாமாவுக்கு."

"மாமாவுக்கா? நடக்கற காரியமாக் கேளு."

அனுப்பினான். குறுக்கே பதின்மூன்று, நெடுக்கே பதின்மூன்று கட்டம். முதல் இரண்டு சீட்டு, ஹார்ட்டின் டைமண்ட் என்கிற ரகத்தோடு சேர்த்து, எப்படி எப்படியெல்லாம் வரலாமோ அத்தனைக்கும் ஒரு கட்டம். எக்ஸ்ரே படம் போட்டுக் கொடுக்கிற பழுப்பு உறை ஒன்றைப் பிரித்து அதன் பின்பக்கம் ஸ்கேலால் கோடு போட்டேன். இறங்க வேண்டியதற்குப் பச்சை, கவிழ்க்க வேண்டியதற்குச் சிவப்பு. ஜோடியெல்லாம் பச்சை. ஆஸும் ராஜாவும் பச்சை. ஒன்பதும் நாலும் சிவப்பு. ஏழும் இரண்டும் சிவப்பு. ராணியும் மூன்றும் சிவப்பு. வரைந்து முடித்தபோது ஸ்கெட்ச் பேனாவில் சிவப்புதான் முதலில் தீர்ந்துபோனது.

அடுப்படி அலமாரிக் கதவில் அதை ஒட்டிவைத்துப் பாடம் நடத்தினேன். அவர் ஷேவ் செய்யும்போது கேட்பேன், ஷூ மாட்டும்போது கேட்பேன். "ஜாக்கியும் எட்டும், வேற வேற ரகம்?"

"இறங்கலாம்."

"கவிழ்க்கணும்."

"பாவம்மா, ஜாக்கி. இவ்வளவு தூரம் நம்மளைத் தேடி வந்திருக்கான்."

"விளையாடாதீங்க."

"விளையாடறதைப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்?"

ஒருநாள் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அட்டவணையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "நாலுல மூணு பங்கு சிவப்பா இருக்கே. அந்த நேரமெல்லாம் நான் என்ன பண்றது?"

"சும்மா உக்காந்திருங்க."

"சும்மா உக்கார்றதுக்கா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா குளிச்சுத் தலை சீவிட்டுப் போறேன்?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே உங்களைப் பாத்துச் சிரிக்குது. உங்களுக்கு ரோஷமே இல்லையா? எனக்கு இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. டப்பாவைப் பையில் வைத்து, "சரி, உனக்காக" என்றார். மூன்றே வாரத்தில் அத்தனையும் மனப்பாடம். லிஃப்ட் மோட்டாரின் ஒயர்களையெல்லாம் நினைவில் வைத்திருப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்த ஞாயிறு முதல் சுற்றிலேயே கவிழ்த்தார். இரண்டாவதையும் மூன்றாவதையும் கவிழ்த்தார். பஸ்கார அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "என்ன லிஃப்ட், இன்னிக்கு ரிப்பேரா?" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, நாலாவதையும் கவிழ்த்தார். ஐந்தாவது சுற்றில் ஜோடி ராஜா வந்தது, இறங்கினார், தம்பியின் பட்டன்களில் பாதி இந்தப் பக்கம் வந்தது. அன்றைக்கு முதலில் தீர்ந்துபோனது தம்பிக்குத்தான். பட்டன் பிரிக்க உட்கார்ந்த அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் வீட்டுக்காரர் கையைப் பிடித்து எழுப்பினேன். "வாங்க போலாம்." கல்யாணமான புதிதில் நடந்ததுபோல நிமிர்ந்து நடந்தேன். அவர் பாட்டு எதுவும் முணுமுணுக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை.

இரண்டு மாதம் இப்படியே போனது. அவர் ஒரு தடவைகூடப் பட்டன் பிரிக்கவில்லை. ஆனால் மேஜை உப்புச்சப்பில்லாமல் போய்விட்டது. அவர் இறங்கினால் பெரிய சீட்டு என்று மற்றவர்களுக்குப் பழகிவிட்டது, மூன்று பேரும் உடனே கவிழ்த்துவிடுவார்கள். ஜோடி ஆஸ் வந்த ஒருநாள் அவருக்குக் கிடைத்தது மூன்றே மூன்று சட்டைப் பட்டன். பிளம்பர் வரவில்லை, ராணி வரவில்லை, நாத்தனார்களும் வரவில்லை. மின்விசிறிச் சத்தமும் சீட்டு கலைக்கும் சத்தமும்தான். பஸ்கார அண்ணன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வர ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிறு தையற்காரருக்குப் பட்டன் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அவர் தன் சீட்டைத் தொடக்கூட இல்லை. இருந்த பட்டன் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார்.

"பாக்காமலே போடறேன். லிஃப்ட், நீங்களும் வாங்க. சும்மா ஒரு ஆட்டம், பழையபடி."

மற்ற இருவரும் கவிழ்த்தாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தன் சீட்டின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். பின்னாலிருந்த எனக்கும் தெரிந்தது. எட்டும் மூன்றும், வேறு வேறு ரகம். எதிரில் இருப்பவர் பார்க்காமல் போட்டிருக்கிறார், தோற்றாலும் இவருக்குப் போவது ஒரு கைப்பிடிப் பட்டன்தான். அவர் கை பட்டன் பக்கம் நகர்ந்தது. நகர்ந்த கையை நிறுத்தி, திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் தலையை அசைக்கக்கூட இல்லை. புருவத்தை லேசாக நெரித்தேன், அவ்வளவுதான்.

அவர் கவிழ்த்தார்.

தையற்காரர், "சரிங்க, சரி" என்று சொல்லித் தன் பட்டன்களையே திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். விரல்களால் தடவித் தடவி இழுத்தார். இரண்டு பட்டன் கீழே விழுந்தன, அவற்றை அவர் தேடவே இல்லை. வயதாகிவிட்டது, சோர்வு என்று நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிந்ததும், "லிஃப்ட், கொஞ்சம் இருக்கீங்களா?" என்று கேட்டார். "இன்னொரு நாள் வரோம் அண்ணே, அவருக்குக் காலைல சீக்கிரம் டியூட்டி" என்று நான்தான் பதில் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவரும் தனியாகப் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு போனபோது ஷட்டர் முழுவதும் இறங்கியிருந்தது. புதுப் பூட்டு. போர்டு இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டை. வாசலில் பஸ்கார அண்ணன் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியாதா? வியாழக்கிழமையே மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா. ரெண்டு கண்ணும் மங்கிக்கிட்டே வந்து இப்பப் போயிடுச்சுங்க. ஊசிக்கு நூல் கோக்க முடியலைன்னு போன மாசமே தைக்கறதை நிறுத்திட்டாரு, போன வாரம் மிஷினையும் வித்துட்டாரு."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றேன்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கே போற அன்னிக்குத்தான் தெரியும். லிஃப்ட்கிட்டச் சொல்லணும் சொல்லணும்னு ரெண்டு மாசமாப் பாத்துட்டிருந்தாராம். பட்டன் பிரிக்கறப்போ நீங்க ரெண்டு பேரும் பேசுவீங்களாமே. மகளைப் பத்தி, வீட்டைப் பத்தி எல்லாம் உங்ககிட்டத்தான் சொல்லுவாராம். இப்பல்லாம் லிஃப்ட் ஜெயிச்சுட்டு உடனே போயிடறாருன்னு சொன்னாரு."

என் வீட்டுக்காரர் அந்தப் பூட்டைப் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தார். திறக்காது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

வீடு வரும் வழியில் அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது நான்தான் ஆரம்பித்தேன். "அந்த ஒன்றரை மணி நேரம் பேசிட்டு இருந்தீங்கன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டதில்லையேம்மா" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையாகவே நான் கேட்டதில்லை.

மகளின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினோம். தையற்காரர் சந்தோஷமாகத்தான் பேசினார். வீடு இரண்டாவது மாடியாம், லிஃப்ட் இல்லையாம், அதைச் சொல்லிச் சிரித்தார். என்மேல் அவருக்கு வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. நானாவது அன்றைக்கு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். போனைக் கையில் வாங்கி, "உடம்பைப் பாத்துக்கங்க அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நேரில் போய்ப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். பஸ்ஸில் பாதி நாள் பயணம். இன்னும் போகவில்லை.

அலமாரியில் இருந்த அட்டவணையை நான் கடைப் பூட்டைப் பார்த்த அன்றே கிழித்துப் போட்டேன். ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுக் கூடத்தில் ஆட்டம் வைத்தேன். தம்பியைக் கூப்பிட்டேன், பஸ்கார அண்ணனை மனைவியோடு வரச் சொன்னேன். பட்டன் புதிதாக வாங்கி வைத்தேன். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் எல்லார் முன்னாலும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இன்னிக்கு உங்க இஷ்டம்போல ஆடுங்க. எல்லாத்துக்கும் இறங்குங்க. எனக்காக."

"சரி" என்றார்.

முதல் சீட்டைப் பார்த்தார். பட்டனை நகர்த்தினார். ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் யோசித்தார், உதடு அசைந்தது, ஒன்றும் வரவில்லை. தோற்றார். இரண்டாவது சுற்றிலும் இறங்கினார், தோற்றார். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க என்ன இருந்தது? மூன்றாவது சுற்றில் சீட்டை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு மெதுவாகக் கவிழ்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வரலைம்மா. இப்ப சீட்டைப் பாத்தா, இது தேறும், இது தேறாதுன்னுதான் தெரியுது. முன்னாடி அப்படித் தெரியாது."

பஸ்கார அண்ணனின் மனைவி எழுந்துபோய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவர் டியூட்டி கேட்டு வாங்கிக்கொள்கிறார். ஏன் என்று கேட்டால், "ஆள் இல்லைம்மா" என்பார். ஆட்கள் இருக்கிறார்கள். அவரோடு வேலை செய்பவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் ஒன்றும் கேட்காமல் டிபன் டப்பாவைக் கட்டிக் கொடுக்கிறேன்.